நடுவில் உட்கார்பவருக்கு நல்லது

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு கணினித் திரை, எதிரே இரண்டு நாற்காலிகள். திரைக்கு நேரே இருப்பது கணவரின் நாற்காலி. அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். அதை ஒட்டி இடது பக்கம் இருப்பது மனைவியின் நாற்காலி. அவர் போடும் படத்தில் பிழை பிடிக்கிறவள். பத்தொன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்து உட்கார்ந்து, அவள் கழுத்து வலப்பக்கம் தாராளமாகத் திரும்பும். இடப்பக்கம் திருப்பினால் மட்டும் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த இடது நாற்காலி அவளிடமிருந்து போன கதைதான் இது.

பிழை பிடிப்பது என்றதும் ஏதோ மாமியார் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் அதற்காகவே படித்தவள், அதற்காகவே சம்பளம் வாங்கியவள். கல்யாணத்துக்கு முன்னால் முப்பது பேர் வேலை பார்த்த ஒரு வரைபட அலுவலகத்தில் சரிபார்க்கும் மேசை அவளுடையது. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். பிழை இருக்கும் இடத்தைச் சுழித்து, பக்கத்தில் ‘தவறு’ என்று ஒரே வார்த்தை எழுதுவாள். விளக்கம் எல்லாம் கிடையாது. சுழித்த இடத்தை உற்றுப் பார்த்தால் வரைந்தவருக்கே புரிந்துவிடும்.

ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தின் படம் அவள் மேசைக்கு வந்தது. அதில் கழிப்பறைக்கு நாலு சுவரும் இருந்தன, கதவைக் காணோம். அவளுக்கு முன்னால் ஆறு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட படம்.

“ஏங்க, பிள்ளைங்க சுவர் ஏறிக் குதிச்சுப் போகட்டும்னு விட்டுட்டீங்களா?” என்று அவள் கேட்டாள். அறையே சிரித்தது. வரைந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்குச் ‘சிவப்புப் பென்சில்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனாலும் அது காதில் விழுந்தபோது அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

கதவில்லாத கழிப்பறையை வரைந்த அந்த மனிதரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். யாரையும் குறை சொல்வதற்கில்லை, தெரிந்தே செய்ததுதான். அவர் கை அவ்வளவு வேகம், கோடு அவ்வளவு சுத்தம். கவனம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குத்தான் தான் இருக்கிறோமே என்று அவள் நினைத்தாள். அவர் தனியாகத் தொழில் தொடங்கியபோது அவளும் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர்கள் வேலை பார்க்கும் விதத்தைப் பார்த்தால் வெளியாருக்கு விசித்திரமாக இருக்கும். இருவரும் மணிக்கணக்கில் பேச மாட்டார்கள். அவர் வரைந்துகொண்டே போவார், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். தப்பு என்று பட்டால் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் இரண்டு தட்டு. உடனே அவர் கை நிற்கும். கடைசியாகப் போட்ட கோடுகளைத் திரும்பிப் பார்ப்பார், திருத்துவார், மேலே போவார். படம் முடியும்போது அதில் பிழை என்று ஒன்று இருக்காது. பிழையை அது பிறக்கும்போதே பிடித்துவிட்டால் அது பிழையாகவே கணக்கில் வராது. அதில்தான் வினை இருந்தது. பத்தொன்பது வருடத்தில் தான் ஒரு தப்புகூடச் செய்ததில்லை என்று அவர் மனதார நம்பத் தொடங்கிவிட்டார்.

ஒவ்வொரு வரைபடத்திலும் வலது கீழ்மூலையில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். ‘வரைந்தவர்’ என்று ஒன்று, ‘சரிபார்த்தவர்’ என்று ஒன்று. அவரவர் பெயரின் முதலெழுத்துகளை அதில் போட வேண்டும். அவர் இரண்டு பெட்டியிலும் தன் எழுத்துகளையே போட்டுக்கொண்டார்.

“ரெண்டு பேர் பேர் இருந்தா யார் பொறுப்புன்னு கேள்வி வரும்” என்றார் முதல் வருடமே. “நமக்குள்ள என்ன, நீ வேற நான் வேறயா?”

வேறு இல்லைதான். அவளும் தலையை ஆட்டிவிட்டாள். அப்போது வயது முப்பத்தொன்று. அந்த வயதில் தலை சுலபமாக ஆடும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: “இந்த ஸ்கிரீனுக்கு வயசாயிடுச்சு. வளைஞ்ச மானிட்டர்னு வருதே, அகலமா, அது ஒன்னு வாங்கலாமா? நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். நீ சரின்னா வாங்குவோம், இல்லைன்னா விட்டுடுவோம்.”

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிரிண்டர் வாங்கியபோதும் மேசை வாங்கியபோதும் கேட்காத மனிதர், இதற்குத் தன்னைக் கேட்கிறார். சாதாரணமாகவே ஒரு வேலையை எடுத்தால் விடாதவள், இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இறங்கினாள். பதினைந்து நாள். வாங்கியவர்கள் எழுதிய அபிப்பிராயங்களைப் படித்தாள். பாதிப் பேர் கணினியில் கார் ஓட்டி விளையாடுகிறவர்கள். அவர்கள் புகழ்ந்ததில் அவளுக்கு உபயோகம் இல்லை. வரைபடக்காரர்கள் எழுதியதை மட்டும் தேடினாள். கிடைத்தது நாலைந்துதான். ஒருவர் நேர்கோடு வளைந்து தெரிகிறது என்று அழுதார். இன்னொருவர் ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார். இருவரையும் அவள் நம்பவில்லை. அளந்து பார்க்காததை நம்பும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அளந்தாள். அந்தத் திரைகளுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று ஓர் எண் போடுகிறார்கள். ஆயிரம் என்றால், அந்த வளைவை முழு வட்டமாக நீட்டினால் அதன் மையம் திரையிலிருந்து ஒரு மீட்டரில் விழும். அந்த வட்டத்தை அவளே வரைந்தாள். முன்னறையையும் மேசையையும் மேலிருந்து பார்ப்பது போலப் போட்டாள். கணவரின் நாற்காலியைப் போட்டாள், தன் நாற்காலியைப் போட்டாள். இரண்டு நாற்காலியிலிருந்தும் திரையின் விளிம்புகளுக்குக் கோடு இழுத்தாள். அவர் இடத்திலிருந்து எல்லாம் கச்சிதமாக இருந்தது. இரு ஓரமும் எட்டு சென்டிமீட்டர் முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தன. கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை, தரைப்படத்தையும் கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வெட்டுப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அவள் இடத்திலிருந்து பார்த்தால் இடது ஓரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே விழும் கோடுகள் ஒடுங்கும், திரையின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் உள்ள கிடைக்கோடுகள் வில்லாகும். கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாக இருப்பவளுக்கு அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

ஆனாலும் அவள் நேர்மையாகத்தான் எழுதினாள். ஒரு வெள்ளைத் தாளில் சிவப்புப் பென்சிலால், ‘நடுவில் உட்கார்பவருக்கு நல்லது. பக்கத்தில் உட்கார்பவருக்கு ஆகாது.’

அவர் படித்தார். “நல்லதுன்னுதானே எழுதியிருக்க?”

“அடுத்த வரியையும் படிங்க.”

“படிச்சேன், படிச்சேன். படம் போட்டுப் பார்க்கிறது வேற, நேர்ல பார்க்கிறது வேற” என்றார்.

அதுவும் நியாயம்தானே என்று அவளுக்குப் பட்டது. மறுநாளே பஸ் பிடித்துக் கடைக்குப் போனாள். மேல்மாடியில் வரிசையாக வைத்திருந்தார்கள். அவள் பார்த்து வைத்திருந்த அதே மாடல் எரிந்துகொண்டிருந்தது, அதன் முன்னால் ஒரு சுழல் நாற்காலி. அவள் பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து, அதற்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். கடையில் வேலை பார்த்த பெண்மணி, இவள் வயதுதான் இருக்கும், ஓடி வந்தாள்.

“மேடம், நடுவுல உக்காந்து பாருங்க. அப்பத்தான் எஃபெக்ட் தெரியும்.”

“நான் உக்கார்ற இடம் இதுதாங்க” என்றாள் இவள்.

கைப்பையில் பென் டிரைவில் கொண்டுபோயிருந்த ஒரு படத்தைத் திறக்கச் சொன்னாள். அவள் வரைந்து பார்த்தது அப்படியே நடந்தது. சுவர்கள் வில்லாகின, மாடிப்படி ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விரிந்தது. எழுந்து நடு நாற்காலிக்குப் போனாள், எல்லாம் நேரானது. திரும்பவும் இடப்பக்கம் வந்தாள், கோணிக்கொண்டது. கடைப் பெண்மணி பொறுமையாக நின்றாள்.

“இது ஒருத்தருக்கான ஸ்கிரீன் மேடம். ரெண்டு பேர் சேர்ந்து பார்க்கணும்னா தட்டையாவே வாங்குங்க, இதே அகலத்துல இருக்கு. விலைப்பட்டியல் அனுப்பட்டுமா? போன் நம்பர் சொல்லுங்க.”

நல்ல மனுஷி என்று இவளுக்குத் தோன்றியது. தொழில் நம்பரைச் சொன்னாள், கணவரின் நம்பர். அந்தப் பெண்மணி தட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

“இந்த நம்பர்ல ஏற்கெனவே ஆர்டர் இருக்கே. இதே மாடல்தான். வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருது.” சற்று யோசித்தாள். “ஞாபகம் வருது. மூணு வாரம் முன்னாடி சார் ஒருத்தர் வந்தாரு. அவர்கிட்டயும் இதைத்தான் கேட்டேன், பக்கத்துல யாராவது உக்காருவாங்களான்னு. இல்லங்க, நான் தனியாத்தான் வேலை பார்க்கிறேன்னாரு.”

மூன்று வாரம். அவர் அவளைக் கேட்டது பதினாறு நாளைக்கு முன்னால். அவள் அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுவிட்டு நாற்காலியை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கேட்டதெல்லாம் கண்துடைப்பு. பதினைந்து நாள் படித்ததும் வட்டம் போட்டதும் சிவப்புப் பென்சிலால் எழுதிக் கொடுத்ததும், முடிந்துபோன காரியத்துக்கு அவளையே தலையாட்ட வைப்பதற்கு. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள், ஆண்கள் வாங்கிவிட்டு வந்து கேட்பது ஒன்றும் புதிதல்ல. ‘தனியாத்தான்’ என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். அடக்கிவைத்துப் புழுங்குகிற ரகம் இல்லை அவள்.

“கடைக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை வருதாமே?”

அவர் சட்டென்று திரையைப் பார்த்துக்கொண்டார். “அது… சலுகை முடியப்போகுதுன்னாங்க. சரி, சொல்லி வைப்போம், உனக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்னுடலாம்னு…”

“எனக்குப் பிடிக்கலை. வேண்டாம்னு சொல்லுங்க.”

“இப்ப எப்படிச் சொல்றது?”

“தனியா வேலை பார்க்கிறேன்னு சொன்னீங்களாமே?”

“அட, கடையில பேச்சுக்குச் சொல்றதுதான். அதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கிட்டு” என்று சப்பைக்கட்டு கட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்கிறவர் போலச் சொன்னார்: “உனக்கும் கழுத்து வலிதானே? பழைய ஸ்கிரீனை உனக்கே தந்துடறேன். நடைவழியில போட்டுக்கோ. நான் முடிச்சு அனுப்பறேன், நீ நேரா உக்காந்து பாரு. யாருக்கும் தொந்தரவு இல்ல.”

தொந்தரவு. அந்த இரண்டு தட்டுகள் பத்தொன்பது வருடமாக அவருக்கு என்னவாக இருந்தன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை திரை வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைப் பொய் சொல்லக் கூடாது. மேசையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. பிரிண்டருக்கு இடம் இல்லாமல் போகவே, அதை இடது நாற்காலி இருந்த இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். நாற்காலி நடைவழிக்குப் போனது, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அலமாரிக்கும் நடுவில். அங்கே ஒரு பலகையில் பழைய திரை.

அவள் அங்கே உட்கார்ந்து அவர் அனுப்பும் படங்களைப் பார்த்தாள். முதல் இரண்டு வாரம் ஒழுங்காக வந்தன. அவள் சுழித்து அனுப்பினாள், அவர் முகம் கடுத்தது. பக்கத்தில் இருந்தபோது திருத்தம் என்பது இரண்டு தட்டு, சத்தம் அடங்கும்போது பிழையும் போயிருக்கும். இப்போது அது ஒரு தாள் முழுக்கச் சிவப்பு. “இவ்வளவு இருக்கா, இல்ல வேணும்னே தேடறியா?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். அப்புறம் வரத்துக் குறைந்தது. “சின்ன வேலைதான், நானே பார்த்துட்டேன்” என்பார். ஏதோ யோசனையில் அவள் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். இயந்திரத்தின் தகரத்தில் அது டங் டங் என்று கேட்கும். முன்னறையில் யார் கையும் நிற்காது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கான்ட்ராக்டர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். வந்தவர் உட்காரக்கூட இல்லை, கையிலிருந்த படத்தை மேசையில் விரித்தார்.

“சார், எட்டாவது படியில ஏறி நிமிர்ந்தா உத்தரம் இடிக்குது. என் நெத்தியப் பாருங்க. காங்கிரீட் போட்டாச்சு. இப்ப இடிக்கச் சொல்றாரு வீட்டுக்காரர். யாரு சார் இதைப் பார்த்தது?”

நடைவழியில் இருந்த அவளுக்குக் கணவரின் குரல் தெளிவாகக் கேட்டது: “செக் பண்றது என் மனைவிதான். பெரிய ஆபீஸ்ல செக் பண்ணினவ. இந்தத் தடவை கவனிக்காம விட்டுட்டா.”

அந்த முதல் வாக்கியத்தைக் கேட்க அவள் பத்தொன்பது வருடம் காத்திருந்தாள். எத்தனையோ பேர் வந்து, “சார் படத்துல தப்பே இருக்காது” என்று புகழ்ந்தபோதெல்லாம் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம். வந்த நேரத்தைப் பாருங்கள்.

அவள் எழுந்து முன்னறைக்கு வந்தாள். படத்தைப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் அதைப் பார்த்ததே இல்லை. எட்டாவது படியும் உத்தரமும் ஒரே பார்வையில் கண்ணில் பட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டே தட்டு. பழக்க தோஷத்தில் கண் வலது கீழ்மூலைக்குப் போனது. ‘வரைந்தவர்’ பெட்டியில் அவர் எழுத்துகள். ‘சரிபார்த்தவர்’ பெட்டியில் அவளுடைய இரண்டு எழுத்துகள்.

“இது எப்பத்துல இருந்து?” என்று கேட்டாள்.

“இப்ப புது விதி” என்றார் அவர், கான்ட்ராக்டர் காதில் விழாதபடி. “ரெண்டு பெட்டியிலயும் ஒரே ஆள் இருந்தா அனுமதி ஆபீஸ்ல வாங்க மாட்டேங்கிறாங்க. சும்மா ரெண்டு எழுத்து. உள்ள போய்ப் பேசிக்கலாம்.”

அவள் உள்ளே போனாள். பேசுவதற்கு அல்ல; சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மேசையில் குனிந்து உத்தரத்தைச் சுழித்தாள். ‘தவறு’ என்று எழுதினாள். பிறகு கையைக் கீழே இறக்கி, பெட்டியில் இருந்த தன் எழுத்துகளைச் சுழித்தாள். அதற்குப் பக்கத்திலும் ‘தவறு’ என்று எழுதினாள்.

கான்ட்ராக்டருக்குப் புரியவில்லை. “முதல்ல போட்டது சரி. இதுல என்னங்க தப்பு?”

“இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லாத ஆளோட எழுத்து அது.”

“வெளியாள் முன்னாடி என்ன இது?” என்று கணவர் பல்லைக் கடித்தார்.

“வெளியாள் முன்னாடிதானே என் தலையில கட்டினீங்க?”

கான்ட்ராக்டர் நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கணவன் மனைவி நடுவில் மாட்டிக்கொண்டவர் எல்லாரையும் போல, பேச்சை எங்கேயாவது திருப்பிவிடப் பார்த்தார். திரையில் கண் பட்டது.

“புதுசா சார்? வளைவா இருக்கே. நானும் ஒன்னு வாங்கலாமான்னு யோசிக்கிறேன். நல்லாயிருக்கா?”

அவள்தான் பதில் சொன்னாள்.

“ரொம்ப நல்லாயிருக்கு. தனியா வேலை பார்க்கிறவங்களுக்கு.”

கான்ட்ராக்டர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் திருத்திய படம் நடைவழித் திரைக்கு வந்தது. அவள் பார்த்தாள். கோபத்துக்காகப் பார்க்காமல் விட முடியாது. யாரோ தினமும் ஏறி இறங்கப்போகும் படி அது. ஒவ்வொரு படியாக எண்ணினாள், உத்தரத்தின் உயரத்தை இரண்டு முறை அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியில் மறுபடியும் போட்டிருந்த தன் இரண்டு எழுத்துகளை மட்டும் அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வந்து துணி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். அந்த மூன்று மாதத்தில் அவர் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“பெட்டி காலியா இருந்தா வாங்க மாட்டாங்க” என்றார்.

“தெரியும்.”

“நீதான் பார்த்துட்டியே. அப்புறம் என்ன? போட்டுக்கறேனே.”

“போடலாம். எனக்கு என் நாற்காலி வேணும். முன்னால இருந்த இடத்துல.”

அவர் திரும்பி முன்னறையைப் பார்த்தார். நாற்காலி இருந்த இடத்தில் பிரிண்டர் இருந்தது. அதை எடுத்துவிட்டு நாற்காலியைப் போட்டாலும், அந்த வளைந்த திரை இருக்கும்வரை அங்கே உட்கார்கிறவளுக்கு ஒரு கோடும் நேராகத் தெரியப்போவதில்லை. அதை அவளே பதினைந்து நாள் அளந்து பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள்.